காபிக்குச் சொல்லும் வார்த்தை

சர்ரென்று சட்டைப் பை கிழிந்தது.

தில்லை நகரில் ஒரு ஹோட்டல். கல்லாவுக்கு முன்னால் இரண்டு நண்பர்கள். ஒருவர் பணம் எடுக்கப் பைக்குள் கையை விட, மற்றவர் அந்தக் கையைப் பிடித்து இழுக்க, இழுத்த வேகத்தில் பை தையலோடு வந்துவிட்டது. "நீங்க சும்மா இருங்க, நான் குடுக்கறேன்." "அதெப்படிங்க, போன தடவையும் நீங்கதான்." கல்லாவில் இருந்தவர் இரண்டு பக்கமும் நீண்ட நோட்டுகளில் எதையும் வாங்காமல், யாராவது ஒருத்தர் ஜெயித்துவிட்டு வரட்டும் என்று ஊதுவத்தி ஏற்றிக்கொண்டிருந்தார். கிழிந்த பை நெஞ்சில் நாக்குப் போலத் தொங்கியது.

நாம் இப்படித்தான் கொடுப்போம். மல்லுக்கட்டி, முழங்கையால் தள்ளி, ஏறக்குறைய கோபித்துக்கொண்டு. இந்தக் காரியத்தை உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்தபடி மூன்றே சொல்லில் முடித்துவிடுகிற ஒருத்தரை நான் அறிவேன். கிழிந்த துணியின் சத்தம் என்னை அவருடைய மேசைக்குக் கொண்டுபோய்விட்டது. என் காபி ஆறிப்போனது.

அறுபதுகளின் தொடக்கம். கன்டோன்மென்ட் பக்கம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் எனக்கு வேலை கிடைத்திருந்தது. ஸ்ரீரங்கத்திலிருந்து டவுன் பஸ் ஏறி, காவிரிப் பாலத்தில் ஈரக்காற்று வாங்கி, பின்னல் கலைந்து போய்ச் சேருவேன். காதில் கருவி, முன்னால் துளைத்துளையாய்ப் பலகை, கையில் பாம்புக்குட்டி மாதிரி நெளியும் வடங்கள். ஊரில் யார் யாரோடு பேசினாலும் நடுவில் என் விரல் இருந்தது. அந்த வயதில் அது எனக்கு மயக்கமாக இருந்தது.

என் பக்கத்து நாற்காலியில்தான் அவர். ஆங்கிலோ இந்தியர், பொன்மலை ரயில்வே குடியிருப்பு, புருஷன் எஞ்சின் ஓட்டுகிறவர். பூப்போட்ட கவுன், கழுத்தோரம் பவுடர், கையில் எப்போதும் பாதி பின்னிய ஸ்வெட்டர். திருச்சி வெயிலில் அந்த ஸ்வெட்டர் யாருக்கு என்று கேட்டால், "குளிர் வரும், சைல்ட், குளிர் வரும்" என்பார். நாங்கள் எல்லோரும் அவரை ஆன்ட்டி என்போம். அவர் எங்கள் எல்லோரையும் சைல்ட் என்பார். பெயர் நினைவிருக்காத சௌகரியம் என்று பின்னால் ஒத்துக்கொண்டார்.

மத்தியானம் பக்கத்து டிபன் ரூமுக்குப் போவார்கள். எனக்கு அங்கே வேலையில்லை. தூக்கில் தயிர்சாதம், கூஜாவில் தண்ணீர். எங்கள் அகத்தில் பரான்னம் கூடாது. பிறத்தியார் செலவில் சாப்பிடுவதற்கு அப்பா வைத்திருந்த பெயர் அது. சாப்பிட்டவன் மேல் கொடுத்தவனுடைய பாவமும் ஒட்டிக்கொள்ளும் என்பது கணக்கு. கல்யாண வீட்டில்கூட அப்பா மஞ்சள் அரிசியைப் போட்டுவிட்டுப் பசியோடு திரும்பி வருவார். ஆனாலும் தனியாக உட்கார்ந்து தின்ன வெட்கமாக இருந்ததால் தூக்கை எடுத்துக்கொண்டு அவர்களோடு போவேன்.

அந்த மேசையில்தான் என் ஆங்கிலம் மானம் இழந்தது. பள்ளிக்கூடத்தில் நான் படித்த ஆங்கிலம் வேறு, ஆன்ட்டியின் ஆங்கிலம் வேறு. ஒரு நாள் "ஐ வில் ஸ்டாண்ட் யூ எ காபி" என்றார். காபி வாங்கித் தருகிறேன் என்பதற்கு அப்படிச் சொல்வார்களாம், நிற்கச் சொல்கிறாரோ என்று நான் எழுந்து நின்றுவிட்டேன். இன்னொரு நாள் சம்பளத்துக்கு முந்தின வாரம், ஆளுக்கு ஆள் தனித்தனியே கொடுத்துவிடலாம் என்பதற்கு, "டச்சு போகலாம்" என்றார்கள். எனக்குப் பஸ் நம்பர் தெரிய வேண்டியிருந்தது. பாலக்கரையிலிருந்து வந்துகொண்டிருந்த கத்தோலிக்கப் பெண் ஒருத்தி, நாகப்பட்டினம் பஸ்ஸில் ஏறி உட்கார், டச்சுக்காரன் கோட்டை வாசலிலேயே இறக்கிவிடுவான் என்று முகத்தை நேராக வைத்துக்கொண்டு சொன்னாள்.

பிறகு அந்த நாள். பில் வந்தது. ஆன்ட்டி அதைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டு, யாரையும் பார்க்காமல், "இட்ஸ் ஆன் மீ" என்றார்.

நான் அவருடைய கவுனைப் பார்த்தேன். மடியைப் பார்த்தேன். ஒன்றும் சிந்தினதாகத் தெரியவில்லை. இருந்தாலும் அவர் மேல்தான் என்று அவரே சொல்கிறாரே, காபிக்கறை பிறகு போகாதே என்று என் கைக்குட்டையைத் தண்ணீரில் நனைத்து நீட்டினேன். இந்தச் செலவு என்னுடையது என்பதற்கு அவர்கள் பேச்சு அது. மேசையே விழுந்து விழுந்து சிரித்தது. ஆன்ட்டிக்குச் சிரித்துச் சிரித்து இருமல் வந்து, கடைசியில் அந்த ஈரக் கைக்குட்டையால்தான் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சாயங்காலம் அகத்துக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அம்மா அரிவாள்மணையைச் சாய்த்துவிட்டுச் சிரித்தாள். அப்பா கூடத்தில் இல்லாத நேரம் அது.

அப்பா மலைக்கோட்டைக்குக் கீழே ஓர் அச்சகத்தில் புரூஃப் பார்ப்பவர். பஞ்சாங்கம், தோத்திரப் புத்தகம், கல்யாணப் பத்திரிகை. எழுத்தின் ஒரு கொம்பு குறைந்தாலும் அவருக்குப் பல்லில் நார் சிக்கின மாதிரி. பேச்சிலும் அப்படித்தான். நாம் ஒன்று சொன்னால், சொன்ன வார்த்தையை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார்.

அவருக்குத்தான் கண்ணில் புரை விழுந்தது. முதலில் விளக்கைச் சுற்றி வளையம் தெரிகிறது என்றார். பிறகு படியில் கால் வைக்க யோசித்தார். ஒரு நாள் பஞ்சாங்கப் படிவத்தில் ஏகாதசி ஒரு நாள் தள்ளி விழுந்திருந்ததைக் கவனிக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டார். அச்சுக் கோக்கிறவர் பார்த்துவிட்டார். பார்க்காமல் போயிருந்தால் எத்தனை குடும்பங்கள் விரதத்தன்று தின்று, தின்கிற நாளில் பட்டினி கிடந்திருக்கும். அன்றைக்கு அப்பா சாப்பிடவில்லை. அச்சக முதலாளி நல்லவர். கண்ணைக் காட்டிச் சரிபண்ணிக்கொண்டு வாருங்கள், அடுத்த பஞ்சாங்க வேலை ஆரம்பிக்கும்வரை நாற்காலி உங்களுடையது என்று சொல்லி அனுப்பினார். அதற்கு நான்கு மாதம் இருந்தது.

திருச்சியில் கன்னியாஸ்திரீகள் நடத்தும் ஓர் ஆஸ்பத்திரியில் காட்டினோம். ஆபரேஷன் பண்ணினால் பார்வை வரும், தள்ளிப்போட்டால் வராமலும் போகலாம் என்றார் டாக்டர். தர்ம வார்டில் காசு கிடையாது. ஆனால் அங்கே அவர்கள் கொடுப்பதைத்தான் சாப்பிட வேண்டும். பணம் கட்டித் தனி அறை எடுத்தால் பின்தாழ்வாரத்தில் அடுப்பு வைத்துக்கொள்ளலாம், அம்மா தளிகை பண்ணலாம். அறைக்குக் கட்டப் பணமில்லை. என் சம்பளத்தில்தான் அகம் நடந்துகொண்டிருந்தது. அப்பாவின் வரும்படி ஏற்கெனவே பாதியாகியிருந்தது. மெட்ராஸிலிருந்து பெரியப்பா அனுப்புகிறேன் என்று எழுதினார். கடிதத்தை நான்தான் படித்துக் காட்டினேன். அப்பா கேட்டுவிட்டு, இருக்கிற வெளிச்சம் போதும், பதில் எழுதிவிடு என்றார். அம்மா அன்றைக்குப் பாத்திரங்களைத் தேய்த்த சத்தம் தெரு முனைவரை கேட்டிருக்கும்.

பலகையில் நான் தப்புத் துளைகளில் வடத்தைச் செருக ஆரம்பித்தேன். ஜவுளிக் கடைக்காரர் போலீஸ் ஸ்டேஷனோடு பேசினார். ஆன்ட்டி ஸ்வெட்டரை மடியில் வைத்துவிட்டு, என்ன ஆச்சு என்று கேட்டார். சொன்னேன். பரான்னத்தைத்தான் ஆங்கிலத்தில் சொல்ல வரவில்லை. அப்பாவுக்கு மற்றவர்கள் சாப்பாடு ஆகாது என்றேன். வயிற்றுக் கோளாறு என்று நினைத்துக்கொண்டு, பாவம், இஞ்சி கொடு என்றார்.

இரண்டு நாள் கழித்து மத்தியானம், கைப்பையிலிருந்து ஒரு ரசீதை எடுத்து என் தயிர்சாதத்துக்குப் பக்கத்தில் வைத்தார். ஆஸ்பத்திரி முத்திரை. தனி அறை. அப்பாவின் பெயரை ஆங்கிலத்தில் யாரோ கன்னாபின்னாவென்று எழுதியிருந்தார்கள். வேண்டாம் என்றேன், முடியாது என்றேன், அப்பா ஒத்துக்கொள்ளமாட்டார் என்றேன். ஆன்ட்டி கட்லெட்டை முள்ளால் வெட்டிக்கொண்டே, "நோ ஆர்க்யூமென்ட், சைல்ட். இட்ஸ் ஆன் மீ" என்றார். அதே குரல். நான்கு காபிக்குச் சொன்ன அதே குரல்.

ரசீதை ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு பாலத்தைக் கடந்தேன். வழியெல்லாம் என்ன சொல்வது என்று ஜோடித்துப் பார்த்தேன். ஆபீஸில் கொடுத்தார்கள் என்று சொல்லலாம். ஆனால் அப்பாவிடம் பொய் சொன்னால் அதையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். கண் தெரியாதபோதும் பார்ப்பார். கூடத்தில் நின்றபடியே உள்ளதைச் சொன்னேன்.

அம்மாதான் முதலில் வாயைத் திறந்தாள். "அந்தச் சட்டைக்காரியா?" என்றாள். ஆங்கிலோ இந்தியர்களுக்கு எங்கள் தெருவில் அதுதான் பெயர்.

அப்பா தலையை ஆட்டினார். முடிந்தது, நாளைக்கே திருப்பிக் கொடுத்துவிடு என்று ஆரம்பித்தவர் நடுவில் நிறுத்தினார். புரூஃப் பார்க்கிற பழக்கம். "குடுக்கறச்சே என்ன சொல்லிக் குடுத்தா? அவ வார்த்தையை அப்படியே சொல்லு."

"இட்ஸ் ஆன் மீ-ன்னா."

"ஆன்-னா மேலேதானே?"

"ஆமாம்ப்பா."

"மீ?"

"என்னை... என்."

"என் மேலே." அப்பா அதை ஒரு தரம் சொல்லிப் பார்த்தார். பிறகு இன்னொரு தரம், மெதுவாக, எழுத்துக்கூட்டுகிற மாதிரி. "'இது என் மேலே.' அப்படியா சொன்னா? வேற ஒண்ணும் சேர்த்துக்கலையே?"

இல்லை என்றேன்.

ஸ்ரீரங்கத்தில் பிறக்காதவர்களுக்கு அந்த நிமிஷத்தை எப்படிச் சொல்வேன். எங்கள் ஊரே ஒரு சுமையை இறக்கிவைக்க வந்தவர்களின் ஊர். ஏழு பிராகாரம் தாண்டி உள்ளே போகிற ஒவ்வொருவரும், படுத்திருக்கிற அந்த ஒருவரிடம், என் பாரம் இனி உன் மேல் என்று சொல்லிவிட்டு வரத்தான் போகிறார்கள். அப்பா நாற்பது வருஷமாகத் தினம் இரண்டு வேளை போய் அதைச் சொல்லிவிட்டு வந்தவர். அவர் இப்போது பார்வையில்லாத கண்ணை நிலைப்படியின் மேல் வைத்து அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

"பரான்னம்னா என்ன? அவா பாரம் நம்ம மேலே வந்து ஒட்டிக்கும். அதுக்குத்தான் பயப்படறேன்" என்றார். "இவ என்னடான்னா, உன் பாரம் என் மேலேங்கறா. நாமதான் போய்ப் போய்க் கேட்டுண்டிருக்கோம். இவ கேக்காமலே வந்து சொல்லியிருக்காடி."

எனக்குத் தெரியும். அது காபிக்குச் சொல்கிற வார்த்தை. பொன்மலை கிளப்பில் புருஷர்கள் கிளாஸைத் தூக்கிக்கொண்டு சொல்கிற வார்த்தை. ஒரு மொழியில் சில்லறையாகப் புழங்குவது இன்னொரு மொழிக்குள் வந்ததும் கர்ப்பக்கிருகம் வரை போய்விட்டது. அப்பா, அது அப்படி இல்லை என்று சொல்ல என் வாய் திறந்தது. அம்மாவைப் பார்த்தேன். அம்மாவுக்கும் தெரியும், கைக்குட்டைக் கதைக்கு அரிவாள்மணையைச் சாய்த்துவிட்டுச் சிரித்தவள். எங்கள் இரண்டு பேர் பார்வையும் ஒரு தரம் முட்டிக்கொண்டு விலகியது.

"குமுட்டி அடுப்பும் கரியும் எடுத்து வைக்கறேன்" என்று சொல்லிவிட்டு அம்மா உள்ளே போய்விட்டாள்.

ஆபரேஷன் ஆனபின் ஒன்பது நாள் அப்பா மல்லாந்து கிடந்தார். இரண்டு கண்ணிலும் கட்டு. தலை அசையாமல் இருக்க இரண்டு பக்கமும் மணல் மூட்டை. தும்மக் கூடாது, இருமக் கூடாது, சிரிக்கக் கூடாது. சிரித்தால் தையல் விட்டுவிடும் என்று வெள்ளைத் தலைச்சீலை போட்ட கன்னியாஸ்திரீ தினம் எச்சரித்தார். எங்கள் அகத்தில் அந்தப் பயமில்லை என்று அம்மா சொன்னாள்.

நாலாம் நாள் ஆன்ட்டி வந்தார். குதிகால் செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு, தாழ்வாரத்து அடுப்புப் பக்கம் நிழல்கூட விழாமல் சுற்றி வந்தார். யார் சொல்லிக் கொடுத்தார்களோ. அம்மா நாற்காலியை நகர்த்திப் போட்டாள். ஆன்ட்டியின் தமிழ் ரயில்வே தமிழ். மரியாதையும் அவமரியாதையும் ஒரே பெட்டியில் ஏறிவரும். எப்படி இருக்கிறாய் சார், தலையை ஆட்டினால் நர்ஸ் அடிக்கும், பேசாமல் படு என்றார். அப்பாவின் உதடு ஓரத்தில் என்னவோ துடித்தது. நான் பயந்துபோனேன். கன்னியாஸ்திரீக்கு என்ன பதில் சொல்வது?

அப்பா சிரிக்கவில்லை. மல்லாந்தபடியே, "நீங்க எங்க பொண்ணுகிட்ட ஒரு வார்த்தை சொன்னேளாமே. அதைத் தெரிஞ்சுதான் சொன்னேளா?" என்று கேட்டார்.

ஆன்ட்டிக்கு எந்த வார்த்தை என்று புரியவில்லை. என்னைப் பார்த்தார். நான் அப்பாவின் தலைமாட்டில் நின்று, சத்தமில்லாமல் உதட்டை மட்டும் அசைத்தேன். இட்ஸ் ஆன் மீ. அவருக்கு அது எட்டிற்று; அதற்கு மேல் ஒன்றும் எட்டவில்லை. நான் கை கூப்பினேன். இந்த மனுஷர் இப்போது எழுந்து உட்கார்ந்தால் கண் போய்விடும், அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

"தெரிஞ்சுதான் சார்" என்றார் ஆன்ட்டி.

அப்பாவின் மார்பு ஒரு தரம் உயர்ந்து இறங்கியது. கொஞ்ச நேரத்தில் தூங்கிப்போனார்.

வெளியே வேப்பமரத்தடியில் ஆன்ட்டி என் காதைப் பிடித்துத் திருகாத குறை. எல்லாவற்றையும் சொன்னேன். பிராகாரம், பாரம், படுத்திருக்கிறவர், எல்லாம். எனக்குத் தெரிந்த ஆங்கிலம் அத்தனையும் செலவாயிற்று. ஆன்ட்டி முதலில் சிரித்தார். கடலை விற்கிறவனிடம்கூட அதைச் சொல்வேனே என்றார். பிறகு சிரிப்பு முகத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. செருப்பின் வாரைப் போட்டுக்கொள்ளக் குனிந்தவர் வெகு நேரம் நிமிரவில்லை. அதன் பிறகு டிபன் ரூமில் பில் வந்தால் அவர் பேசாமல் காசை எடுத்து வைத்துவிடுவார். அந்த மூன்று சொல்லை அவர் வாயில் நான் மறுபடி கேட்கவில்லை.

கட்டுப் பிரித்தபோது உலகம் அப்பாவுக்குக் கரைத்த சுண்ணாம்பு மாதிரி இருந்தது. இன்னும் ஆறு வாரம் கழித்துத்தான் கண்ணாடி என்றார்கள். அகத்தில் பச்சைத்துணியைக் கண்ணுக்கு மேல் தொங்கவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒரு நாள் நான் ஆபீஸுக்குக் கிளம்பும்போது கூப்பிட்டார்.

"காபிக்கும் அதே வார்த்தைதான் சொல்லுவாளாமே?"

என் கால் நிலைப்படியில் ஒட்டிக்கொண்டது. அடுக்களைப் பக்கம் திரும்பினேன். அம்மாவின் முதுகு மட்டும் தெரிந்தது. அது அளவுக்கு மீறி அசையாமல் இருந்தது. நாற்பது நாள் ஒரு ரகசியத்தை வைத்திருந்ததே அவளைப் பொறுத்தவரை தபஸ். ஆமாம் அப்பா என்றேன். ஏமாற்றிவிட்டேன், திட்டட்டும் என்று நின்றேன்.

அப்பா பச்சைத்துணியை விலக்கிக்கொண்டார். முகத்தில் கோபம் இல்லை. முதன்முதலில் சமுத்திரத்தைப் பார்த்தவர் முகம் மாதிரி இருந்தது.

"ஒரு வாய்க் காபிக்கே அந்த வார்த்தையைச் சொல்றவா எப்பேர்ப்பட்டவாளா இருக்கணும்" என்றார்.

அவர் தப்பாகப் படித்தார். படித்தது சரியாக இருந்தது.

கண்ணாடி வந்தது. சோடாப்புட்டி அடிப்பாகம் மாதிரி கனம். எல்லாம் பெரிதாக, பக்கத்தில் வந்துவிட்ட மாதிரி தெரிகிறது என்று தண்ணீர்ச் சொம்பை எடுக்கப் போய்க் காற்றைப் பிடித்தார். பழகிக்கொண்டார். பஞ்சாங்க வேலை தொடங்கிய அன்று மலைக்கோட்டை பஸ்ஸில் ஏறிப்போனார். சாயங்காலம் விரல் நுனியில் அச்சு மையோடு திரும்பி வந்து, கை கழுவாமல் கொஞ்ச நேரம் அப்படியே வைத்துக்கொண்டிருந்தார்.

ஆன்ட்டியை அவர் பார்த்ததில்லை. ஆஸ்பத்திரியில் கேட்ட குரல்தான். அகத்துக்கு வாருங்கள் என்று நான் பல தடவை கூப்பிட்டும், உங்கள் தெருவில் என் கவுனைப் பார்த்தால் சாமி எழுந்து உட்கார்ந்துவிடும் என்று தட்டிக் கழித்தார். அதற்குள் அவர்கள் ஊரைவிட்டுப் போவது நிச்சயமாகிவிட்டது. ஆஸ்திரேலியா. ஆன்ட்டியின் தங்கை குடும்பம் முன்னாலேயே போயிருந்தது. சேர்ந்து போவதாகத்தான் இருந்ததாம். இவர்களுடைய கப்பல் மட்டும் ஏன் பல மாதம் பிந்தியது என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. அந்த ரசீதை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கடல் சத்தம் கேட்கும். சம்பளத்திலிருந்து மாதா மாதம் கொடுக்கிறேன் என்று ஒரு தடவை ஆரம்பித்ததற்கு என்னோடு இரண்டு நாள் பேசவில்லை.

அவர்களை வழியனுப்ப மெட்ராஸ் வண்டிக்கு அப்பாவும் வருகிறேன் என்றார். வெள்ளை வேஷ்டி, புதுத் திருமண், அந்தக் கண்ணாடி. பிளாட்பாரம் டிக்கெட் இரண்டையும் அவரே வாங்கினார். கையில் வாழையிலையில் கட்டின புளியோதரை. அம்மா நாலு பேருக்கு என்றால் பத்துப் பேருக்குக் கட்டியிருந்தாள். ஜங்ஷன் முழுக்கப் பொன்மலை நின்றது. தொப்பிகள், கவுன்கள், தகரப் பெட்டிகள், கட்டிப்பிடித்து அழுகை. அதன் நடுவே அப்பா ஒரு கொடிமரம் மாதிரி நின்றார். ஆன்ட்டியின் புருஷர் ஓடிப்போய்க் காபி வாங்கிவந்து நீட்டினார். அப்பா கை கூப்பி மறுத்துவிட்டார். அதிலெல்லாம் அவர் மாறவில்லை.

ஆன்ட்டி ஏற்கெனவே வண்டிக்குள். ஜன்னலோரம், நிழலில். அந்த ஸ்வெட்டர் முடிந்துபோய் அவர் தோளில் கிடந்தது. பொட்டலத்தை ஜன்னல் வழியாகக் கொடுத்தேன். வாசனை பிடித்துவிட்டு, இது உன் அம்மாவா என்றார். தலையாட்டினேன். கார்டு பச்சைக் கொடியை விரித்துக்கொண்டிருந்தார். அப்பா என் தோளை விலக்கிவிட்டு முன்னால் போனார். ஜன்னல் கம்பி எவ்வளவு தூரம் என்று புதுக்கண்ணுக்குத் தெரியாமல் கையால் துழாவி, பிடித்துக்கொண்டார்.

"கொஞ்சம் வெளிச்சத்துக்கு வாங்கோம்மா. முகத்தைப் பார்த்துக்கறேன்."

ஆன்ட்டி எழுந்து, கம்பிக்கு வெளியே எவ்வளவு வரமுடியுமோ அவ்வளவு முகத்தை வெயிலில் நீட்டினார். கண் இரண்டும் வழிந்துகொண்டிருந்தது. வண்டி அசைந்தது. அப்பா கூடவே நடந்தார், கண்ணைக் கொட்டாமல்.

"நல்லா பாரு சார். இன்னிக்குப் பாத்து பவுடர்கூடப் போடல."